படத்திற் காணாத விளக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய ரோட் ஐலண்டில் நியூபோர்ட் என்னும் துறைமுகம் உளது. அத்துறைமுகத்தின்கண் லைம் ராக் என்னும் சிறு பாறையில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. அதனையும், அதனைக் காத்த ஐடா லூயிஸ் அம்மையாரையும் காட்டும் பழைய நிழற்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அப்படங்கள் எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்டாது விடுகின்றன என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கலங்கரை விளக்கம் என்றவுடன் வானளாவிய கோபுரத்தை நினைத்தல் நம் இயல்பு. இப்படங்களிலோ கோபுரம் இல்லை. நாற்புறமும் நீர் சூழ்ந்த ஒரு வீடும், அதனை ஒட்டிய சிறு விளக்கறையுமே உள. கரைதல் என்பது அழைத்தல். கலத்தை அழைப்பது கலங்கரை விளக்கம் என்பர். அழைப்பதற்குப் பேருயரம் வேண்டுவதில்லை போலும்.

ஐடா 1842-ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் ஹோசியா லூயிஸ் அவ்விளக்கின் காவலர். 1857-இல் குடும்பத்தார் பாறைக்குக் குடிபுகுந்த சில திங்களில் அவர் பக்கவாதத்தால் வீழ்ந்தார். அன்றுதொட்டு மாலையில் எண்ணெய் வார்த்தல், நள்ளிரவில் மீண்டும் நிரப்புதல், திரி கத்தரித்தல், கண்ணாடி துடைத்தல் ஆகிய பணிகள் தாயின்மேலும் பதினைந்து வயது மகளின்மேலும் விழுந்தன. தம்பி தங்கையரைப் படகேற்றிப் பள்ளிக்குக் கொண்டுசென்றவரும் ஐடாவே.

1869 மார்ச்சு 29-ஆம் நாள் புயலிற் படகு கவிழ்ந்து தத்தளித்த போர்வீரர் இருவரை அவர் தம் தம்பியின் துணையோடு மீட்டார். உடன்வந்த சிறுவன் மாண்டான். செய்தி நாடெங்கும் பரவிற்று. ஜூலைத் திங்களில் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ அவருருவத்தைத் தன் முகப்பில் வெளியிட்டது. குடியரசுத் தலைவர் கிராண்ட் அவ்வாண்டில் அவரை நேரிற் கண்டார். அவருடைய நிழற்பட அட்டைகளை மக்கள் விலைகொடுத்து வாங்கினர்.

அக்காலத்து நிழற்படம் ஈரக் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டது. ஒளி பதியச் சில நொடிகள் வேண்டுமாதலின், அமர்ந்தவர் அசைதல் ஆகாது. ஆகவே அசையும் துடுப்பும், புரளும் அலையும், நள்ளிரவுத் திரியும் அத்தகட்டில் அகப்படா. அசையாது அமர்ந்த ஓர் இளமாதே நமக்குக் கிட்டினார்.

படத்திற் காணாத செய்தி இன்னும் ஒன்றுண்டு. எமக்கு அதுவே பெரிதாகப் படுகின்றது. அட்டைகள் விற்ற 1869-இல் அரசாங்க ஏட்டிற் காவலர் என இருந்த பெயர் தந்தையாருடையது. நோயுற்றார் ஒருவரின் பிழைப்பைப் பறியாதிருந்தமை நன்றே, அதனைக் குறைகூறோம். 1872-இல் அவர் இறந்தபின் அப்பதவி தாயார்க்குச் சென்றது. 1879-இலேதான் ஆண்டிற்கு 750 டாலர் ஊதியத்தோடு ஐடாவின் பெயர் ஏடேறிற்று. விளக்கை ஏற்றத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன! மலைப்பிரசங்கத்து உவமைபோல விளக்கு தண்டின்மேல் நின்றது. ஏற்றினவரின் பெயரோ மரக்காலின்கீழ்க் கிடந்தது. முகம் அறிந்த நாடு, உழைப்பிற்குரிய பெயரை எழுதப் பத்தாண்டு தாழ்த்ததனை யாம் பொறுக்குமாறில்லை.

1881-இல் உயிர்காத்தமைக்குரிய பொற்பதக்கம் அவர்க்கு அளிக்கப்பட்டது. பிற்காலப் படங்களில் முதுமை எய்திய அவரை அதே பாறையிற் காண்கின்றோம். 1911 அக்டோபரில் இறக்குங்காறும் அவரே காவலர். 1924-இல் அப்பாறைக்கு அவர் பெயர் இடப்பட்டது. அவ்வீடு இன்று அவர் பெயரால் வழங்கும் படகுக் கழகமாக உளது.