கடைக் குளிர்பெட்டியின் கேஸ்: வணிகர் அறிய வேண்டியவை

பால், தயிர், குளிர்பானம், ஐஸ்கிரீம் விற்காத மளிகைக் கடை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இன்று அபூர்வம். அரிசியும் பருப்பும் மாதக்கணக்கில் தாங்கும். தயிர் தாங்காது. சித்திரை வெயிலில் குளிர்பெட்டி நின்றால் ஒரு நாள் சரக்கு வீண். மெக்கானிக்கை அழைத்தால், "கேஸ் போயிடுச்சு, போடணும்" என்கிறார். அந்தக் கேஸ் எது, ஏன் போகிறது, அரசாங்கங்கள் அதை ஏன் படிப்படியாகக் குறைக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் நம் கைக்காசு மிஞ்சும்.

கேஸ் தீர்வதில்லை

குளிர்பெட்டியின் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் போலச் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறிச் சுற்றி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கி வெளியே விடுகிறது. குழாயில் பழுதில்லை என்றால் பெட்டியின் ஆயுள் முழுவதற்கும் அதே கேஸ் போதும். குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கோடைதோறும் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்குச் சமம்.

போனவையும் போகப்போகிறவையும்

பழைய பெட்டிகளில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. நம் மாநிலத்திலேயே மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் நிறுவனம் இந்த வகைக் கேஸைத் தயாரித்தது. இது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்ததும் 1987இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. 2010 வரை கெடு இருந்தும், குளிர்பதனத்துக்கான உற்பத்தி 2008 ஆகஸ்டிலேயே நின்றது. அதனால் எந்தக் கடையும் மூடவில்லை. வேறு கேஸ் வந்தது.

அடுத்தது, பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22. இதைக் கொண்டு புதிய கருவி செய்வது நம் நாட்டில் 2024 இறுதியோடு முடிந்தது. 2030க்குப் பிறகு பழுதுபார்ப்புக்கு மட்டும் மிகச் சிறிதளவுக்கே இடமுண்டு.

மூன்றாவது வகைதான் இன்று பல கடைகளில் ஓடுவது: ஆர்-134ஏ, ஆர்-404ஏ. இவை ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-404ஏ என்றால் 3,922 கிலோ. ஒரு பெட்டியில் 300 கிராம் ஆர்-134ஏ இருந்து முழுதும் கசிந்தால், சுமார் 185 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு.

இவற்றைக் குறைக்க 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. நம் நாட்டுக்கு 2028 முதல் உச்ச வரம்பு. பின்னர் 2032இல் 10 சதவீதம், 2037இல் 20, 2042இல் 30, 2047இல் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இன்று முதல் போட்டு வாங்கும் பெட்டி பத்து ஆண்டு உழைத்தால், இந்தக் குறைப்புக் காலத்தில்தான் அதற்குக் கேஸ் தேட வேண்டியிருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பெட்டியின் பின்புறத் தகட்டைப் படித்து, கேஸின் பெயரையும் எடையையும் குறித்து வைக்க வேண்டும். வேறு கேஸைக் கலக்க விடக்கூடாது.

2. குளிர் குறைந்ததும் கேஸ்தான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. மாவுத் தூசியும் மிளகாய்த் தூசியும் பின்புறக் கம்பிச்சுருளை அடைத்தாலும், கதவு ரப்பர் தளர்ந்தாலும் இதே குறைதான் தெரியும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூசி தட்டினால் போதும்.

3. கேஸ் போட்டே ஆகவேண்டும் என்றால், முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்ல வேண்டும். பிறகு குழாயில் உள்ள காற்றைப் பம்பு வைத்து இழுத்து, தகட்டில் உள்ள அளவுக்குத் தராசில் நிறுத்துப் போட வேண்டும். மீதிக் கேஸைத் தெருவில் திறந்துவிட அனுமதிக்கக் கூடாது.

4. புதிய பெட்டி வாங்கும்போது ஆர்-600ஏ அல்லது ஆர்-290 உள்ளதா என்று கேட்க வேண்டும். இவற்றால் பூமிக்கு வெப்பச் சுமை மிகக் குறைவு. ஆனால் இவை தீப்பற்றும் கேஸ்கள். பயிற்சி பெற்றவரே கை வைக்க வேண்டும். பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது.

5. செலவு குறையும் என்று சொல்லி, பழைய பெட்டியில் சமையல் எரிவாயுவை ஏற்றுவதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. அந்தப் பெட்டியின் மின்பொறியே கடையைக் கொளுத்திவிடும்.

6. உழைத்து ஓய்ந்த பெட்டியைக் குழாய் வெட்டும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்காமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பது முறை.

கோடை தொடங்கிய பிறகு மெக்கானிக் கிடைப்பது அரிது. ஆகவே மாசி மாதத்திலேயே பெட்டியைச் சோதித்து, தகட்டில் உள்ள விவரத்தைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைப்போம். சரக்கும் கெடாது, வீண் செலவும் வராது.