காசில்லாமல் போக்கர் பழகுகிறவர்களுக்கு

நுழைவுக் கட்டணம் இல்லாத போக்கர் போட்டிக்கு ஃப்ரீரோல் என்று பெயர். பரிசுப் பணத்தை நடத்துகிற நிறுவனமே போடும்: 50 டாலர், 100 டாலர். அந்தத் தொகைக்கு ஆயிரம், இரண்டாயிரம் பேர் வந்து உட்காருவார்கள். போக்கரின் டெக்சாஸ் ஹோல்டெம் வகையைப் புதிதாகக் கற்கிறவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரும். இதில் ஆடிப் பழகிவிட்டு, 1 சென்ட், 2 சென்ட் பிளைண்ட் (சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் பந்தயம்) வைத்து ஆடும் காசு மேசைக்கோ, 1 டாலர் கட்டி ஆடும் போட்டிக்கோ போனால் தாக்குப்பிடிக்க முடியுமா?

பாதி முடியும். எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவருக்குக் கிளட்சும் பிரேக்கும் பழகியிருக்கும்; சாயங்காலம் ஆறு மணிக்குக் சென்னையின் கத்திப்பாராச் சந்திப்பில் வண்டி ஓட்டிப் பழகியிருக்காது. ஃப்ரீரோல், ஆட்டத்தின் விதிகளையும் கணக்கையும் நன்றாகவே சொல்லித்தரும். காசு வைத்து ஆடுகிற மனிதர்களைப் பற்றி அது சொல்லித்தருவதில் பெரும்பகுதி தப்புப் பாடம்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. ஆகவே கீழே இருப்பவை லண்டன், டொராண்டோ போல இது சட்டப்படி நடக்கும் ஊர்களில் வாழும், வயது வந்த வாசகர்களுக்கு.

செய்ய வேண்டியவை

முதல் சில போட்டிகளை விதி பழகுவதற்கென்றே ஒதுக்குங்கள். பிளைண்ட் யார் கட்ட வேண்டும், யாருடைய முறை, குறைந்தபட்சம் எவ்வளவு ஏற்ற வேண்டும், ஒருவர் ஆல்-இன் போன (கையிலுள்ள சிப்ஸ் எல்லாவற்றையும் வைத்த) பிறகு மற்ற இருவர் தொடர்ந்தால் சைடு பாட் எப்படிப் பிரியும் என்பதெல்லாம் யோசிக்காமலே வர வேண்டும். ஃப்ளஷ் பெரிதா ஸ்ட்ரெய்ட் பெரிதா என்று தடுமாறாத புது ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. (ஃப்ளஷ்தான் பெரிது.) இருவருக்கும் ஏஸ் ஜோடி வந்தால் மூன்றாவது சீட்டு, அதாவது கிக்கர், தீர்ப்புச் சொல்லும் என்பதையும் பலர் காசு போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். இந்தத் தவறுகளை எல்லாம் இலவசமாகச் செய்து முடித்துவிடுங்கள்.

வாய்ப்பு இருந்தால் நேரில் நடக்கும் இலவசப் போட்டி ஒன்றிலும் உட்காருங்கள். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பப்களில் இலவச லீக் போட்டிகள் நடக்கின்றன. காசு வைத்து ஆடினாலும் இங்கிலாந்து பப்பில் பெரிதாக ஆடிவிட முடியாது: ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் 5 பவுண்டு, அந்த பப் முழுவதற்கும் ஒரு நாளைக்கு 100 பவுண்டு என்று வரம்பு இருக்கிறது. திரையில் கணினி செய்கிற வேலையை எல்லாம் அங்கே நீங்களே செய்ய வேண்டும். சிப்ஸ் எண்ணுவது, முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது, உங்கள் சீட்டைப் பார்த்து முகம் மாறாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது ரொம்பக் கஷ்டம்.

ஒவ்வொரு முடிவுக்கும் கணக்குப் போடுங்கள். ஃப்ரீரோலில் கற்றுக்கொண்டு அப்படியே காசு மேசைக்குக் கொண்டுபோகக்கூடிய சரக்கு இது ஒன்றுதான் என்பேன். பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில், 100 சிப்ஸ் இருக்கிறது, எதிராளி 50 வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 50 போட்டால் மொத்தம் 200. 200-க்கு 50, அதாவது நான்கில் ஒரு முறை ஜெயித்தால் கைக்காசு தேறும். உங்கள் கையில் இரண்டு ஆட்டின், மேசையில் இரண்டு ஆட்டின். இன்னொன்று விழுந்தால் ஃப்ளஷ். மிச்சம் ஒன்பது ஆட்டின் இருக்கின்றன. ஒரே ஒரு சீட்டு மட்டும் வர வேண்டிய நிலையில், நீங்கள் பார்க்காத 46 சீட்டில் ஒன்பது, ஏறத்தாழ 20 சதவீதம். தேவை 25. போடக்கூடாது. இரண்டு சீட்டு பாக்கி இருந்தால் வாய்ப்பு 35 சதவீதம், அப்போது போடலாம். ஆனால் அடுத்த சீட்டுக்குப் பிறகு எதிராளி மறுபடியும் ஏற்றுவார் என்று தோன்றினால் அந்த 35-ஐ முழுசாக நம்பக்கூடாது.

இந்தக் கணக்குக்குக் காசு பெரிதா சிறிதா என்பது தெரியாது. சிப்ஸ் இலவசமாக வந்தாலும் 20 சதவீதம் 20 சதவீதம்தான். எதிரில் இருப்பவர் கிறுக்குத்தனமாக ஆடுகிறாரா இல்லையா என்பதும் இதைப் பாதிக்காது. ஒரு போட்டியில் முப்பது தடவை இந்தக் கணக்கைப் போட்டவர், பரிசு வாங்காமல் எழுந்தாலும் அன்றைக்குப் படித்துவிட்டார்.

முதல் ஒரு மணி நேரம் பொறுமையாக இருங்கள். ஃப்ரீரோலின் தொடக்கம் லாட்டரி. முதல் சீட்டிலேயே நான்கு பேர் ஆல்-இன் போவார்கள். பதிவு செய்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களின் சிப்ஸ் பிளைண்டில் கரைந்துகொண்டிருக்கும். அந்தக் கூட்டம் வெளியேறிய பிறகு, கடைசி நூறு பேர், கடைசி ஐம்பது பேர் என்று வரும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது. பிளைண்ட் ஏறிவிட்டதால் எல்லாரிடமும் பத்து, பதினைந்து பெரிய பிளைண்ட் அளவுக்குத்தான் சிப்ஸ் இருக்கும். எப்போது எல்லாவற்றையும் தள்ளுவது, எப்போது விட்டுவிடுவது என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள். 1 டாலர் போட்டியின் பின்பகுதியும் இதேதான். ஆகவே போட்டி ஆடப்போகிறவருக்கு இது நேரடிப் பயிற்சி.

காசு மேசைக்குப் போகிறவருக்கு அப்படி இல்லை. 1 சென்ட், 2 சென்ட் மேசையில் 2 டாலரோடு உட்கார்ந்தால் அது நூறு பெரிய பிளைண்ட். பிளைண்ட் ஏறவும் ஏறாது. முதல் மூன்று சீட்டுக்குப் பிறகும் நாலாவது, ஐந்தாவது சீட்டில் எடுக்க வேண்டிய முடிவுகள் நிறைய. ஃப்ரீரோலில் அந்த இடத்துக்கு நீங்கள் வருவதே அபூர்வம்.

ஆடி முடித்த பிறகு ஆட்டப் பதிவைத் திறந்து, குழம்பிய ஓரிரு இடங்களை மட்டும் பாருங்கள். “சீட்டு வரலை” என்று எழுதி வைப்பது குறிப்பு ஆகாது.

அடுத்த படிக்குப் போகுமுன் தொகையைத் தீர்மானியுங்கள். சிறு காசு மேசைக்குக் குறைந்தது இருபது முறை உட்காரும் அளவு, அதாவது 2 டாலர் மேசைக்கு 40 டாலர். போட்டிகளில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் நூறு நுழைவுக் கட்டணம் என்பார்கள். அந்தப் பணம் முழுவதும் போனாலும் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையக்கூடாது.

செய்யக்கூடாதவை

ஃப்ரீரோலில் பார்த்த மனிதர்களை வைத்துக் காசு மேசை மனிதர்களை எடை போடாதீர்கள். பெரும்பாலான புதியவர்கள் அடிபடுவது இங்கேதான்.

கையில் இரண்டு ஏஸ் வருவது 221 தடவைக்கு ஒரு முறை. எதிரில் ஒரே ஒருவர் எந்தச் சீட்டோடு வந்தாலும் கடைசிவரை போனால் அது 85 சதவீதம் ஜெயிக்கும். நான்கு பேர் வந்தால் 56 சதவீதத்துக்கு இறங்கும். ஐந்து பேர் வந்தால் பாதிக்கும் சற்றுக் கீழே. ஒன்பது பேரும் வந்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஃப்ரீரோலில் ஐந்து பேர் வருவது சாதாரணம். அங்கே நாலு முறை ஏஸ் ஜோடி உடைந்ததைப் பார்த்தவர், காசு மேசைக்கு வந்ததும் அதை வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஆடுகிறார். ஒரே ஒருவர் எதிரில் இருக்கும்போது துணிந்து ஏற்ற வேண்டிய சீட்டு அது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஃப்ரீரோலில் யாரிடமும் எந்தச் சீட்டும் இருக்கலாம். அதனால் சின்ன ஜோடியை வைத்துக்கொண்டுகூட எதிராளியின் பெரிய பந்தயத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறோம். பல நேரம் ஜெயிக்கவும் செய்கிறோம். சென்ட் மேசையிலோ, ஒரு மணி நேரமாக எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கடைசிச் சீட்டில் திடீரென்று பெரிதாக ஏற்றினால், அவரிடம் இருக்கிறது. சந்தேகமே வேண்டாம். இரண்டு டாலர் மேசைதான், ஆனாலும் அது அவருடைய இரண்டு டாலர்.

பிளஃப் செய்யாதீர்கள், அதாவது ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு பெரிதாக ஏற்றி எதிராளியை விரட்டப் பார்க்காதீர்கள். ஃப்ரீரோலில் யாரும் கவிழ்க்க மாட்டார்கள். சிறு காசு மேசையிலும் ரொம்பக் கவிழ்க்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஃப்ரீரோல் சொல்லித்தருவது சரி.

மூலதனம் திரட்ட ஃப்ரீரோலை நம்பாதீர்கள். 2000-இல் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை வென்ற கிறிஸ் ஃபெர்குசன், 2006-இல் ஒரு சவாலைத் தனக்குத்தானே வைத்துக்கொண்டார்: ஒரு சென்ட்கூடப் போடாமல், ஃப்ரீரோலில் தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பது. உலக சாம்பியனுக்கே ஏழு மாதம் ஆன பிறகு கையில் இருந்தது 6.50 டாலர். நடுவில் சில தடவை எல்லாம் போய்ப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். மொத்தம் ஏறத்தாழ பதினாறு மாதத்தில் இலக்கைத் தொட்டார். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஃப்ரீரோலை அல்ல, அவர் வைத்திருந்த வரம்பை: கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் எந்தக் காசு மேசையிலும், 2 சதவீதத்துக்கு மேல் எந்தப் பெரிய போட்டியிலும் வைப்பதில்லை, மிகச் சிறிய தொகைகளுக்கு மட்டும் விலக்கு.

நார்வேயின் அனெட் ஓப்ரெஸ்டாட் ஃப்ரீரோலில் தொடங்கி, 2007-இல் லண்டனில் பதினெட்டு வயதில் 10 லட்சம் பவுண்டு வென்றதும் உண்மைதான். ஒரு அனெட்டை எல்லாருக்கும் தெரியும், அதே வழியில் போய் ஒன்றும் தேறாதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 2003-இல் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்ற கிறிஸ் மணிமேக்கரையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அவர் இலவசமாக நுழையவில்லை. 86 டாலர் கட்டித் தகுதிச் சுற்று ஆடியவர்.

சும்மா ஒரு கணக்கு: 50 டாலர் பரிசுக்கு 2,000 பேர் என்றால் தலைக்கு இரண்டரை சென்ட். மூன்று, நான்கு மணி நேர வேலைக்கு.

ஃப்ரீரோலைத் தர்மம் என்று நினைக்காதீர்கள். அது விளம்பரம், நீங்கள் பணம் போட வேண்டும் என்பதற்காக நடப்பது. “இன்றே போட்டால் இருமடங்கு” என்று வரும் போனஸ் மொத்தமாகக் கைக்கு வராது. நீங்கள் ஆடி, நிறுவனத்துக்குக் கமிஷன் கட்டக் கட்டத்தான் துளித்துளியாக விடுவிப்பார்கள். அந்தக் கமிஷனை, அதாவது ரேக்கை, ஃப்ரீரோலில் நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். 1.10 டாலர் போட்டியில் பரிசுக்குப் போவது 1 டாலர், 10 சென்ட் நடத்துபவருக்கு. அங்கே எல்லாரையும் போல ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் சராசரியாக 10 சென்ட் இழக்கிறார். சுமாராக ஆடினால் போதாது என்பது இதனால்தான்.

ஜெயித்ததை எல்லாம் தளத்துக் கணக்கிலேயே விட்டு வைக்காதீர்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்கள்மீது நடவடிக்கை எடுத்தபோது, ஃபுல் டில்ட் தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு அது திரும்பி வரத் தொடங்கியது 2014-இல். ஃபெர்குசன் தன் சவாலை ஆடிய அதே தளம்.

ஒரு ஃப்ரீரோலில் மூன்றாவதாக வந்துவிட்டதால் தயாராகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் சீட்டு விழுந்த விதம்.

இலவச ஆட்டம் சலித்துவிட்டது, காசு இருந்தால்தான் ஒரு இது இருக்கும் என்று தோன்ற ஆரம்பித்தால், மேலே போகாதீர்கள். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே முக்கியமானது இது. கணக்குச் சரியாக வருகிறது, விதியில் தடுமாற்றம் இல்லை, தோற்ற பிறகும் நிதானமாக எழுந்திருக்க முடிகிறது என்பவை மேலே போகக் காரணங்கள். கிளர்ச்சி போதவில்லை என்பது காரணம் இல்லை. அது 2 டாலர் மேசையிலும் சீக்கிரமே போதாமல் போகும், பிறகு 10, பிறகு 50.

ஃப்ரீரோலை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். 1 டாலர் போட்டிகள்தான் உங்கள் குறி என்றால் சில மாதம் ஆடலாம், கடைசிக் கட்டத்தை எத்தனை முறை எட்டுகிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு. காசு மேசைதான் குறி என்றால் விதிகள் பழகியதும், இரண்டு வாரம் போதும், நிறுத்திவிட்டு, ஒதுக்கி வைத்த அந்த 40 டாலரோடு 1 சென்ட், 2 சென்ட் மேசைக்கே போய்விடுங்கள். அந்த மேசையில் ஆடுகிறவர்கள் எப்படி ஆடுவார்கள் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.