உடல் மாறும்போது உடையின் அளவும் மாறட்டும்
பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் படித்துக் கலந்து பேச ஓர் ஆரோக்கியப் பாடம்



ஆரோக்கியப் பாடம் என்றதும் நாம் வழக்கமாகப் பேசுவது சுத்தமான குடிநீர், தடுப்பூசி, இரத்தசோகை, சர்க்கரை வியாதி ஆகியவற்றைப் பற்றியே. இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், பெண்கள் தங்களுக்குள்ளேகூடத் தாழ்ந்த குரலில் பேசுகிற ஒன்று. அது பெண்களின் மார்பு உள்ளாடை. கடைகளில் 'பிரா' என்கிறார்கள். கிராமங்களில் 'பாடி' என்கிறோம்.

மருத்துவமனைப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். பிரசவம், பாலூட்டல், எடை, வயது, அறுவைச் சிகிச்சை ஆகிய ஒவ்வொன்றும் மார்பின் அளவை மாற்றுகிறது. மாறிய உடலுக்குப் பழைய அளவையே போட்டுக்கொண்டு தோள்வலியையும் சருமப்புண்ணையும் பொறுத்துக்கொள்ளுகிற பெண்கள் ஏராளம். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. உள்ளாடையைப் பற்றி வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஒரு தாய், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் வாய் திறக்கக் கூச்சப்படுகிறாள். அந்தக் கூச்சத்தினால் கழிகிற மாதங்கள் அவள் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இதை வெட்கமில்லாமல், அதே சமயம் கண்ணியத்தோடு படிப்போம்.

1. மலையேறி வேலை செய்கிற உடல்

போடிநாயக்கனூரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடியுமுன்னே ஜீப்புகள் புறப்படுகின்றன. முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். ஒரு ஜீப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, போகவர இரண்டு வேளையும் குலுங்கிக்கொண்டு பயணம்.

ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்ப்பதல்ல. செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஆகவே காய் எடுக்கிறவர் குனிந்தோ, குத்துக்காலிட்டோ, சரிவில் உட்கார்ந்தோதான் எடுக்கவேண்டும். ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரை காய் எடுப்புக் காலம். அதில் முதல் பாதி மழையும் பனியுமாக இருக்கும். காலையில் நனைந்த உடை மாலை வரை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

நாள் முழுவதும் குனிகிற பெண்ணுக்கு, சரியாகத் தாங்காத உள்ளாடையினால் மார்பின் பாரம் முழுவதும் தோள்பட்டையிலும் கழுத்திலும் விழுகிறது. ஒடுங்கிய பட்டை தோளில் பள்ளம் விழ அழுத்துகிறது. ஈரமான துணி மார்பின் கீழ்மடிப்பில் உரசுவதால் சருமம் சிவந்து, அரித்து, காளான் தொற்று உண்டாகிறது. இவற்றில் பெரும்பகுதியை மருந்து இல்லாமலே தடுக்கலாம்.

2. நம் சபைகள் அறிந்த வரலாறு

மார்பை மறைக்கும் உடையைப் பற்றிப் பேசுவது தென்னாட்டுத் திருச்சபைகளுக்குப் புதிதல்ல. பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. மிஷன் பள்ளிகளில் படித்த பெண்கள் 'குப்பாயம்' என்னும் தளர்ந்த சட்டையை அணிந்தபோது தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டார்கள். பல ஆண்டுப் போராட்டத்திற்குப் பிறகு, 1859-ம் ஆண்டு ஜூலை 26-ம் தேதி மகாராஜாவின் பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதி கொடுத்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

நம் பாட்டிமாரின் தலைமுறை, உடுத்தும் உரிமைக்காக அடிபட்டது. அந்த உடை உடலுக்குப் பொருந்த வேண்டும் என்று கேட்பதில் நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்றைய வடிவிலுள்ள பிரா பிற்காலத்தில் வந்தது. அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்பவர் 1914-ம் ஆண்டு நவம்பர் 3-ம் தேதி அதன் ஒரு வகைக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில், 1939-ல் சென்னையில் தொடங்கப்பட்ட நாயுடு ஹால் பெண்களின் உள்ளாடைக்கென்றே பெயர் பெற்றது. இன்று போடி கடைத்தெருவிலும் பல அளவுகளில் கிடைக்கிறது. ஆனால் தன் அளவு என்ன என்று தெரிந்து வாங்குகிறவர் குறைவு.

3. எப்போதெல்லாம் அளவு மாறுகிறது?

கர்ப்பகாலத்தில்: முதல் மூன்று மாதங்களிலேயே மார்பு பெருக்கத் தொடங்கும். பிரசவமான சில நாட்களில் பால் இறங்கும்போது இன்னும் பெருக்கும். இறுக்கமான பாடி ஒரே இடத்தில் அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளலாம். அது வலியும் காய்ச்சலுமாக முற்றலாம். ஆகவே பாலூட்டும் தாய்க்கு இரும்புக் கம்பி இல்லாத, தளர்ந்த, முன்பக்கம் திறக்கிற பருத்தி பாடி நல்லது.

பால் மறந்த பிறகு: மார்பு சுருங்கித் தளரும். சில மாதங்களில் ஒரு நிலைக்கு வரும். அப்போது மறுபடியும் அளவெடுக்க வேண்டும்.

எடை கூடினாலும் குறைந்தாலும்: சர்க்கரை வியாதி, காசநோய், தைராய்டு போன்றவற்றால் எடை மாறும்போது அளவும் மாறும். காரணமின்றி எடை குறைந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மாதவிடாய் நிற்கும் வயதில்: பால்சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு கூடுவதால் மார்பு மென்மையாகித் தாழும்.

இவை யாவும் இயற்கையான மாற்றங்கள். பழைய பாடி பொருந்தவில்லை என்றால் குறை பாடியில் இருக்கிறது, உடலில் அல்ல.

4. வீட்டிலேயே அளவெடுப்பது எப்படி?

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப் ஒன்று போதும். ஒருவருக்கொருவர் உதவி செய்யலாம்.

முதல் அளவு: மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி, டேப் முதுகிலும் முன்னாலும் ஒரே மட்டத்தில் இருக்க, சற்று இறுக்கமாகப் பிடியுங்கள். இது சுற்றளவு.

இரண்டாம் அளவு: மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி, அழுத்தாமல் பிடியுங்கள். மார்பு தாழ்ந்திருந்தால் சற்று முன்னால் குனிந்து எடுப்பது சரியாக வரும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்பின் அளவு. 1 அங்குலம் என்றால் ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. கீழே 32-ம் மேலே 35-ம் வந்தால் அளவு 32 சி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில கடைகளில் கீழ் அளவோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டிச் சொல்லுவது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் இதே பெண்ணுக்கு 36 கிடைக்கும். சுற்றுப்பட்டி தளர்ந்து முதுகில் மேலே ஏறும். அதைச் சரிக்கட்டத் தோள்பட்டையை இறுக்குவார், தோள் வலிக்கும். பாரத்தைத் தாங்கவேண்டியது பெரும்பாலும் மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டியே. தோள்பட்டை துணைக்குத்தான். ஆகவே அட்டையிலுள்ள எண்ணை மட்டும் நம்பாமல், போட்டுப் பார்த்து இவற்றைக் கவனியுங்கள்:

அ) புதிய பாடியைக் கடைசிக் கொக்கியில், அதாவது தளர்ந்த கொக்கியில் மாட்டும்போதே பொருந்த வேண்டும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும். அப்போது உள்கொக்கிக்கு மாறலாம்.
ஆ) முதுகுப்பட்டி முன்பட்டியின் மட்டத்திலேயே இருக்கவேண்டும். அதற்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்குமேல் கூடாது.
இ) கப்பின் மேலோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கினால் கப் சிறியது. துணி சுருங்கிக் காற்றாக நின்றால் கப் பெரியது.
ஈ) இரண்டு கைகளையும் உயர்த்துங்கள். பிறகு காய் எடுப்பதுபோல் குனியுங்கள். பட்டி இடம் மாறாமலும் மார்பு வெளியே வராமலும் இருந்தால் பொருத்தம் சரி.
உ) சுற்றுப்பட்டி மட்டும் இறுக்கமானால் 32 சி-க்குப் பதில் 34 பி போட்டுப் பாருங்கள். கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே.

கடையில் ஆண் விற்பனையாளர் நின்றால், அளவைக் காகிதத்தில் எழுதி நீட்டலாம். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்ட வேலைக்கு அகலப் பட்டையுள்ள பருத்தித் துணி ஏற்றது. குறைந்தது மூன்று இருந்தால் ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில், ஒன்று காய்ந்தபடி இருக்கும். ஈரம் காயாமல் போடாதீர்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தினால் நீண்ட நாள் உழைக்கும்.

5. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக வந்ததாக உலக அளவிலான புள்ளிவிவரம் மதிப்பிடுகிறது. ஒரு காலத்தில் மார்பையும் அதன் கீழுள்ள தசையையும் சேர்த்து அகற்றுவதே முறையாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் பெர்னார்ட் பிஷரின் குழு 1985-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பது குறைவதில்லை என்று காட்டியது. ஆனால் நோய் முற்றி வருகிறவர்களுக்கு இன்றும் மார்பு முழுவதையும் எடுக்கவேண்டியிருக்கிறது. சீக்கிரம் வருகிறவருக்கு உயிரோடு மார்பும் மிஞ்ச வாய்ப்பு அதிகம்.

மார்பு அகற்றப்பட்ட சகோதரி வீடு திரும்பும்போது பெரும்பாலும் கந்தைத் துணியையோ பஞ்சையோ பாடிக்குள் திணித்துக்கொள்ளுகிறாள். கனமில்லாத பஞ்சு மேலே ஏறிவிடும். ஜீப்பில் பிறர் முன்னிலையில் அது நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் வேலைக்குப் போவதையும் ஆலயத்திற்கு வருவதையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நோய் தீர்ந்தும் வாழ்க்கை திரும்பாத நிலை இது.

இதற்கு வழி உண்டு. பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் 1970-ல் புற்றுநோயால் மார்பை இழந்தார். பொருத்தமான செயற்கை மார்பு கிடைக்காததால், வலது இடது எனத் தனித்தனியே அதைத் தயாரிக்கும் கம்பெனியை அவரே தொடங்கினார். சிலிக்கான் மார்பு வாங்க முடியாதவர்களுக்காக, 2011-ல் அமெரிக்காவில் பார்பரா டெமொரெஸ்ட் தொடங்கிய 'நிட்டட் நாக்கர்ஸ்' இயக்கம், மிருதுவான நூலால் பின்னிய மார்பை இலவசமாகக் கொடுக்கிறது. பின்னுகிறவர்கள் தொண்டர்கள். பின்னல் தெரிந்த நம் சகோதரிகளுக்கும் இது எட்டாத வேலையல்ல.

வீட்டில் செய்யும் முறை இது: பாடியின் கப்புக்குள் மெல்லிய பருத்தித் துணியால் ஒரு பை தையுங்கள். பஞ்சு நிரப்பிய உருண்டையை அதற்குள் வையுங்கள். மேலே ஏறாதிருக்க, உருண்டையின் அடிப்பாகத்தில் சிறு துணி முடிச்சில் பாசிமணிகளை வைத்துத் தைத்துவிடலாம். காயம் ஆறும்வரை கனமில்லாத பஞ்சு மட்டும் போதும். கதிர்வீச்சு நடக்கும்போது மருத்துவர் சம்மதமின்றி எதையும் அழுத்தி அணிய வேண்டாம்.

அக்குளில் நெறிக்கட்டிகள் எடுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கை வீங்க வாய்ப்புண்டு. ஆகவே அந்தப் பக்கத்துத் தோள்பட்டை அகலமாகவும் இறுக்கமின்றியும் இருக்கட்டும். தோட்டத்தில் கையுறை அணிந்து, கீறலும் பூச்சிக்கடியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் உடனே கழுவி மருந்திடுங்கள். கை சிவந்து சூடானால் மருத்துவமனைக்கு வாருங்கள்.

6. வீண் பயமும் மெய்யான எச்சரிக்கையும்

பிரா அணிந்தால் புற்றுநோய் வரும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 2014-ல் அமெரிக்காவில் சுமார் 1,500 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சியில் அப்படி எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. அணியாமலே வசதியாக இருக்கிறவர்கள் கட்டாயம் அணியவேண்டும் என்பதும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. வழக்கமான பாடியில் ஒரு பக்கக் கப் மட்டும் இறுகினால் அல்லது தளர்ந்தால், மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், தோல் குழிந்தால், காம்பு உள்ளே இழுத்தால், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தால் தாமதிக்காதீர்கள். வலி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்புப் பரிசோதனை செய்கிறார்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

7. கூடிப் பேச

1. நம் சபையில் தாய்மாரும் மகள்களும் இவற்றைப் பேச ஒரு வேளை ஒதுக்க முடியுமா? இஞ்சு டேப்புடன் ஒரு கூட்டம் நடத்தலாமா?
2. துணிகள் சேகரித்து அனுப்பும்போது, எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்காமல் பல அளவுகளில் புதிய பருத்தி உள்ளாடைகளையும் சேர்க்கலாமா?
3. மார்பு அறுவைச் சிகிச்சை முடிந்த சகோதரி யாராவது நம் நடுவே வராமல் இருக்கிறார்களா? அவர்களைப் போய்ப் பார்ப்பவர் யார்?
4. கணவன்மார் அறியவேண்டியது என்ன? மனைவி கட்டி என்று சொன்ன அன்றே உடன் வருகிறவராய் இருக்கிறோமா?

அடுத்த கூட்டத்திற்கு வருமுன் ஒவ்வொரு சகோதரியும் தன் அளவை ஒருமுறை எடுத்துப் பார்த்து, எழுதி வைத்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளுகிறோம்.