டிராக்டரின் டீசல் வடிகட்டி: பாதுகாப்பும் மாற்றும் முறையும்

உழவு மாட்டைத் தொழுவத்திலிருந்து அவிழ்க்கும் குடியானவன், அதன் கண்ணையும் மூக்கையும் ஒருமுறை பார்த்த பின்னரே நுகத்தில் பூட்டுவான். அம்மாட்டிற்குக் கலங்கிய நீரையும் அவன் காட்டமாட்டான். ஆனால் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய டிராக்டருக்கு ஊற்றும் எண்ணெய் சுத்தமானதா என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. யந்திரம் நின்றுவிட்ட பிறகே வடிகட்டியின் ஞாபகம் வருகிறது. அது நிற்பதும் பெரும்பாலும் வேலை மிகுந்த நாளிலேதான்.

காவேரிப் பாசனத்தில் குறுவை நடவுக் காலத்தை எண்ணிப் பார்த்தால் இதன் முக்கியம் விளங்கும். குறுகிய வயதுடைய நெல்லின் நாற்றை ஏறக்குறைய 20 அல்லது 25 நாட்களுக்குள் பறித்து நடவேண்டும். நாற்று முற்றிவிட்டால் தூர் கட்டுவது குறைந்து, மகசூலும் குறைகிறது. சேற்றுழவு நடக்கும் அந்தச் சில நாட்களில் டிராக்டர் நான்கு நாள் நின்றுவிட்டால், உடையவருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பின் வாடகைக்குக் காத்திருக்கும் சிறு குடியானவர்களுக்கும் நஷ்டம் நேருகிறது. சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாமையே பல சமயங்களில் இதற்குக் காரணமாகிறது. ஆதலின் அதனை மாற்றும் முறையை விவரமாகக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

வடிகட்டி ஏன் வேண்டும்?

ருடால்ப் டீசல் என்பவர் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ஆம் ஆண்டு தமது யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதில் எண்ணெயை உள்ளே செலுத்துவதற்கு அழுத்தப்பட்ட காற்று பயன்பட்டது. அதற்குத் தனியாக ஒரு பெரிய கருவி தேவைப்பட்டது. எண்ணெயைத் தானே அழுத்திச் செலுத்தும் சிறிய இன்ஜெக்‌ஷன் பம்பை ராபர்ட் பாஷ் கம்பெனியார் 1927-ல் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கினர். அதன் பிறகே டீசல் யந்திரம் லாரிக்கும் டிராக்டருக்கும் ஏற்றதாயிற்று.

அந்தப் பம்பினுள் ஓடும் உருளைக்கும் அதன் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். மனிதத் தலைமயிர் ஏறக்குறைய ஆயிரத்தில் 70 பங்கு கனமுள்ளது. ஆகவே கண்ணுக்குப் புலப்படாத புழுதியும் அந்த இடைவெளியில் புகுந்து, அரம்போல் உராய்ந்து, உருளையைத் தேய்த்துவிடும். தேய்ந்த பம்பு போதிய அழுத்தம் தராது. அதனைச் செப்பனிடப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும்.

டீசல், தொட்டியிலிருந்து பீட் பம்பின் வழியாக முதல் வடிகட்டிக்கும், அங்கிருந்து இரண்டாம் வடிகட்டிக்கும், பின்னர் இன்ஜெக்‌ஷன் பம்பிற்கும், இறுதியாக நாசில்களுக்கும் செல்கிறது. முதல் வடிகட்டி பெரிய தூசியையும் நீரையும் தடுக்கும். இரண்டாவது, நுண்ணிய தூசியைப் பிடிக்கும். சில டிராக்டர்களிலும் சிறு பம்பு செட்டு யந்திரங்களிலும் ஒரே வடிகட்டிதான் உண்டு. அவரவர் யந்திரத்தின் அமைப்பைக் கைப்புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்க.

எப்பொழுது மாற்றுவது?

காலம் யந்திரத்திற்கு யந்திரம் மாறும். கைப்புத்தகத்தில் கண்டதே பிரமாணம். பொதுவாக, கிண்ணத்தில் தங்கும் நீரை வேலை நாட்களில் தினமும் காலையில் வடித்துவிட வேண்டும். வடிகட்டியை ஆண்டுக் கணக்கில் அல்லாமல், டிராக்டரின் மீட்டர் காட்டும் மணிக் கணக்கில் மாற்றவேண்டும். புழுதி மிகுந்த இடங்களிலும், பீப்பாயில் வைத்த எண்ணெயை ஊற்றும் இடங்களிலும் குறித்த காலத்திற்கு முன்னரே மாற்றுவது நலம்.

அடைப்பின் அறிகுறிகள் பின்வருமாறு: யந்திரம் சும்மா ஓடும்பொழுது சரியாக ஓடும், கலப்பை மண்ணைப் பிடித்தவுடன் தளரும். கிளப்புவது கடினமாகும். சிறிது நேரம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்துக் கிளப்பினால் மீண்டும் ஓடும். இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்கவேண்டும். சக்தி குறைவதுடன் கரும்புகையும் மிகுந்தால், காற்று வடிகட்டியை முதலில் சோதிக்கவேண்டும்; ஏனெனில் எண்ணெய் சென்றும் காற்றுப் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். புகை மிகாமலே சக்தி குறைந்தால், எண்ணெய் வரும் வழியில் தடையுண்டெனச் சந்தேகிக்கலாம்.

மாற்றும் முறை

1. டிராக்டரைக் களத்துப் புழுதிக்கும் காற்றுக்கும் ஒதுக்கமான சமதரையில் நிறுத்தி, யந்திரத்தை ஆறவிடுக. அருகில் பீடி, சுருட்டு, விளக்கு முதலிய நெருப்பு எதுவும் ஆகாது.

2. வடிகட்டியின் வெளிப்புறத்தைத் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் நன்றாகக் கழுவித் துடைக்க. இதனை அற்பமென்று விடலாகாது. வெளியில் ஒட்டியிருக்கும் மண்ணே, திறந்தவுடன் உள்ளே விழுவது.

3. தொட்டியின் குழாயை மூடி, கீழே ஒரு தட்டு வைத்து, அடித் திருகைத் தளர்த்தி எண்ணெயை வடிக்க. வடிந்ததை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்க. நீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தனியே நிற்கும். செந்நிறத் துகள் இருந்தால் தொட்டி துருப்பிடித்திருக்கிறது. கரும்பாசி போன்ற வழுவழுப்பு இருந்தால், நீரும் எண்ணெயும் சேருமிடத்தில் நுண்கிருமிகள் வளர்ந்துள்ளன. இவற்றுள் எது காணப்பட்டாலும், வடிகட்டியை மாற்றுவதுடன் தொட்டியையும் கழுவுதல் அவசியம்.

4. நடு போல்ட்டைத் தளர்த்திக் கிண்ணத்தையும் பழைய வடிகட்டியையும் எடுக்க. டப்பா வடிவமாயின் அதனையே திருகிக் கழற்றுக. பழைய ரப்பர் வளையமும் உடன் வந்துவிட்டதா என்று தலைப்பகுதியை விரலால் தடவிப் பார்க்க.

5. கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் கழுவிக் கவிழ்த்து வடியவிடுக. கழிவு நூலால் துடைத்தால் அதன் பிசிறு உள்ளே தங்கும். ஆதலின் அது கூடாது.

6. புதிய வடிகட்டியை மாட்டும் சமயத்தில்தான் உறையிலிருந்து எடுக்கவேண்டும். நீளம், துளை, எண் ஆகியவற்றைப் பழையதுடன் ஒப்பிடுக. புதிய வளையத்தில் சிறிது சுத்தமான டீசலைத் தடவிப் பொருத்துக. டப்பா வடிவ வடிகட்டி, வளையம் தலைப்பகுதியைத் தொட்ட பின் கையால் அரை அல்லது முக்கால் சுற்றுத் திருகினால் போதும். ஸ்பானர் கொண்டு பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் வளையம் நசுங்கும்.

7. புதிய வடிகட்டியில் டப்பாவிலிருந்து எண்ணெயை ஊற்றி நிரப்பி மாட்டுவது சிலர் வழக்கம். இது தவறு. அவ்வெண்ணெய் வடிகட்டப்படாமலே பம்பிற்குச் செல்லக்கூடும். கைவிசையால் பம்பு செய்தே நிரப்புதல் வேண்டும்.

காகித வடிகட்டியைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி மீண்டும் மாட்டுவதும் தவறே. கழுவும்போது காகிதம் கிழிகிறது. அழுக்கும் சுத்தமான பக்கத்திற்குச் சென்றுவிடுகிறது. கழுவத் தக்கதென்று கைப்புத்தகம் கூறும் துணி வடிகட்டிகளை மட்டுமே கழுவலாம்.

ஏர் எடுத்தல்

வடிகட்டியைத் திறந்தபொழுது புகுந்த காற்றை வெளியேற்றினாலன்றி யந்திரம் கிளம்பாது. இதனையே மெக்கானிக்குகள் ‘ஏர் எடுத்தல்’ என்பர். காற்று அழுத்தினால் சுருங்கும் இயல்புடையது. ஆகவே பம்பு எவ்வளவு அழுத்தினாலும் நாசிலுக்கு எண்ணெய் சேராது.

தொட்டியின் குழாயைத் திறந்து, முதல் வடிகட்டியின் மேல் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்பின் கைவிசையை அடிக்க. முதலில் நுரையும் பின்னர் குமிழியற்ற எண்ணெயும் வரும். எண்ணெய் வந்துகொண்டிருக்கும்பொழுதே திருகை இறுக்குக. பின்னர் இரண்டாம் வடிகட்டியிலும், அதன் பின் இன்ஜெக்‌ஷன் பம்பிலும் இவ்வாறே செய்க. இந்த வரிசை மாறலாகாது. கைவிசை இளகிக் கிடந்து எண்ணெயைத் தள்ளாவிடில், யந்திரத்தைச் சிறிது சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பார்க்க.

இதன் பின்னும் கிளம்பாவிடில், பழைய முறைப் பம்புள்ள யந்திரங்களில் மட்டும், நாசில் முனையிலுள்ள நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி யந்திரத்தைச் சுழற்றி, எண்ணெய் வந்தவுடன் இறுக்கலாம். செல்ப் மோட்டாரை ஒரு முறைக்குப் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் ஓட்டாமல், இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுக்கவேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பழைய முறை நாசிலிலேயே எண்ணெய் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தத்தில் பீச்சுகிறது. அப்பீச்சு தோலைத் துளைத்து உள்ளே செல்லும். புறத்தே சிறு புள்ளிபோல் தோன்றினும் உள்ளே தசை அழுகிக் கையையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு அமலுக்கு வந்த புகை விதிகளையொட்டிக் ‘காமன் ரெயில்’ முறை யந்திரங்கள் பரவியுள்ளன. அவற்றின் அழுத்தம் இதைவிடப் பன்மடங்கு அதிகம். அவற்றின் நாசில் குழாய்களை எக்காரணம் கொண்டும் தளர்த்தலாகாது.

ஓர் அநுபவம்

இதனை எழுதுபவன் பிழையே செய்யாதவன் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் சுமார் முப்பது குடியானவர்கள் முன்னிலையில் வடிகட்டி மாற்றுவதைச் செய்து காட்டினேன். ஏர் எடுத்து முடித்தேன், யந்திரமும் கிளம்பியது. பேசி முடிப்பதற்குள் அது நின்றுவிட்டது. மீண்டும் ஏர் எடுத்தேன், மீண்டும் நின்றது. மூன்றாம் முறை சிலர் எழுந்து போகத் தொடங்கினர். அவ்வமயம் டிராக்டர் ஓட்டும் இளைஞன் ஒருவன், “ஐயா, பழைய வளையத்தை எடுத்தீர்களா? கீழே காணோமே?” என்று கேட்டான். கழற்றிப் பார்த்ததில், பழைய ரப்பர் வளையம் தலைப்பகுதியிலேயே ஒட்டிக் கொண்டிருந்தது. அதன்மேல் புதியதை வைத்து இறுக்கியதால், இரண்டும் சரிவரப் படியாமல் காற்றை இழுத்துவிட்டன. அதனை எடுத்த பின் யந்திரம் சீராக ஓடிற்று. எழுந்து போனவர்களும் திரும்பி வந்தனர். நான்காவது படியில், விரலால் தடவிப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருப்பது அந்த இளைஞன் கற்பித்த பாடமே. உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாமலும் இருக்கலாம். ஆயினும் காற்று உள்ளே புகும் என்பதை இதனால் அறியலாம்.

எண்ணெயைப் பாதுகாத்தல்

வடிகட்டி எவ்வளவு நல்லதாயினும், அழுக்கெண்ணெயை ஊற்றினால் சீக்கிரம் அடைபடும். ஆகவே பின்வருவனவற்றை அநுசரிக்க:

மாலையில் வேலை முடிந்தவுடன் தொட்டியை நிரப்பி வைக்க. காலியிடம் இருந்தால் இரவுக் குளிர்ச்சியில் அங்குள்ள காற்றின் ஈரம் நீராகி எண்ணெயில் இறங்கும்.

பீப்பாயை வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைக்கலாகாது. பகலில் சூடேறி விரியும் பீப்பாய் இரவில் குளிர்ந்து சுருங்கும்பொழுது, மேலே தேங்கிய மழைநீரை மூடியின் வழியே உறிஞ்சிக்கொள்ளும். கூரையின் கீழ்ப் படுக்க வைப்பதே நன்று.

பீப்பாயை உருட்டிக் கொண்டுவந்தால், ஒரு நாள் முழுதும் அசையாமல் வைத்துத் தெளிந்த பின்னரே எண்ணெய் எடுக்கவேண்டும். உறிஞ்சு குழாயின் முனை அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கட்டும்.

நாகப் பூச்சுள்ள வாளியிலோ பீப்பாயிலோ டீசலைச் சேமித்து வைக்கலாகாது. நாகம் எண்ணெயுடன் சேர்ந்து உண்டாகும் வண்டல் வடிகட்டியை அடைக்கும்.

வடித்த அழுக்கெண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. ஒரு டப்பாவில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் சேர்ப்பித்தல் முறையாகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க

கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் குழுக்களும் வாடகைக்கு விடும் டிராக்டர்களைப் பலர் ஓட்டுகின்றனர்; அதனால் எவரும் பொறுப்பேற்பதில்லை. அத்தகைய ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வடிகட்டி மாற்றிய தேதி, அப்பொழுது மீட்டர் காட்டிய மணி, மாற்றியவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்கச் செய்தல் வேண்டும். பருவம் தொடங்குமுன் ஒரு ஜோடி புதிய வடிகட்டியும் வளையங்களும் வாங்கி வைத்திருத்தல் நலம். போலிச் சரக்கும் சந்தையில் உலவுவதால், யந்திரம் செய்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்குக.

இவ்வேலைக்கு வேண்டியவை இரண்டு ஸ்பானர், ஒரு தட்டு, ஒரு தூரிகை, ஒரு மணி நேர நிதானம் ஆகியவையே. விதையைப் புடைத்து விதைக்கும் குடியானவர் எண்ணெயையும் வடித்தே யந்திரத்திற்குக் கொடுத்து வருவாராயின், நாற்று காத்திருக்கும் நாளில் யந்திரம் அவரைக் கைவிடாது.