ஜெய்சல்மேருக்குக் கிளம்பும் திருப்பூர்க்காரர்களுக்கு

பனியன் கம்பெனிகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பூட்டியதும் நம்மில் பலர் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று மலைப்பக்கமே வண்டியைத் திருப்புகிறோம். ஒரு விடுமுறையையாவது மணல் பக்கம் திருப்பிப் பாருங்கள். ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில், தார் பாலைவனத்துக்குள் இருக்கிறது ஜெய்சல்மேர். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 65,000 பேர் வாழும் சின்ன நகரம். 1156-இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய மஞ்சள் கல் கோட்டை, ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் ஜீப், கூரையில்லாத இரவு என்று ஒரு வாரத்துக்கு வேண்டியது எல்லாம் அங்கே உண்டு.

கிளம்பும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது என்னும் ஊர் அது. எப்போது போவது, எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது என்ற எல்லா முடிவையும் தண்ணீரை முன்வைத்து எடுக்க வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ட நமக்கு இது புதிய பாடமல்ல.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது போவது உடம்புக்கு ஆபத்து. தீபாவளி விடுமுறை நமக்கு வசதிதான். ஆனால் அதே வாரத்தில் குஜராத்திலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே வந்து குவிவார்கள். அறை வாடகையும் ஏறிவிடும். டிசம்பர் கடைசி வாரமும் அப்படியே. ஆகவே பொங்கல் விடுமுறையே சிறந்தது. பகலில் இதமான வெயில், இரவில் நடுங்க வைக்கும் குளிர். கூட்டத்தைப் பொருட்படுத்தாதவர்கள், பெரும்பாலும் பிப்ரவரி பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் நடக்கும் பாலைவனத் திருவிழாவுக்குப் போகலாம். நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அமாவாசையை ஒட்டி நாள் குறியுங்கள்.

2. ஜோத்பூரைச் சேருங்கள்

எந்த வழியில் போனாலும் ஜோத்பூரை இலக்காக வைப்பது நல்லது. கோவையிலிருந்து ஹிசார் செல்லும் வாராந்திர ஏசி ரயில் கொங்கண் கடற்கரை வழியாக ஜோத்பூரைத் தொட்டுச் செல்கிறது. விமானம் என்றால் கோவையிலிருந்து மும்பை அல்லது டெல்லி போய், அங்கிருந்து ஜோத்பூர். அதற்கு மேல் ரயிலோ காரோ ஐந்தாறு மணி நேரம். ஜெய்சல்மேரிலும் விமான நிலையம் உண்டு. ஆனால் விமானங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் மட்டுமே வருகின்றன. எல்லைப் பகுதி என்பதால் பாதுகாப்பு நிலவரத்தைப் பொறுத்து அவை நிறுத்தப்படவும் கூடும். ரயிலை மாற்று வழியாக மனதில் வையுங்கள்.

3. துணியைக் காதர்பேட்டையில் வாங்குங்கள்

இந்த வேலையில் நம்மை மிஞ்ச ஆளில்லை. பகலுக்கு 140 முதல் 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சியில் முழுக்கை டி-சர்ட் எடுங்கள். வெளிர் நிறம், பருத்தி, உடம்பை ஒட்டாத அளவு. கை மூடியிருந்தால் தோல் கருகாது. இரவுக்கு 280 ஜி.எஸ்.எம். அளவில் ப்ளீஸ் ஹூடி ஒன்று, உள்ளே போட இன்டர்லாக் பனியன் ஒன்று. ஜனவரி இரவில் வெப்பம் 5 டிகிரி வரை இறங்கும். மெல்லிய துணி இரண்டு மூன்று அடுக்காக இருந்தால் வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கும்.

நீளமான பருத்தித் துண்டு ஆளுக்கு ஒன்று கட்டாயம். மணற்காற்று அடித்தால் மூக்கையும் வாயையும் மூட அதைவிட நல்ல பொருள் இல்லை. கூலிங் கிளாஸ், சன் ஸ்கிரீன், உதட்டுக்கு வேசலின், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆகியவையும் பையில் இருக்கட்டும். போனையும் கேமராவையும் ஜிப் கவரில் போடுங்கள். மணல் புகுந்தால் லென்ஸ் நகராது.

4. கோட்டைக்கு வெளியே தங்குங்கள்

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். ராஜஸ்தான் மலைக்கோட்டைகள் ஆறில் ஒன்றாக 2013-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கோட்டை நிற்கும் குன்றில் களிமண்ணும் இளகிய பாறையும் கலந்திருக்கின்றன. வெளியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்த காலத்துக்காகக் கட்டப்பட்ட கோட்டை அது. குழாயும், கழிவறையும், ஓட்டல்களும் பெருகிய பின் கசிவு நீர் அடித்தளத்தை ஊறவைத்தது; கொத்தளங்கள் சில இடிந்தும் விழுந்திருக்கின்றன. உள்ளே அறை எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கசிவைக் கூட்டுகிறோம். கோட்டையைப் பார்த்தபடி வெளியே அமைந்த விடுதிகள் ஏராளம். அங்கே தங்கி, பக்கெட் தண்ணீரில் குளியுங்கள். நம்ப முடியாத மலிவு வாடகை சொன்னால் எச்சரிக்கை. ஒட்டகச் சவாரியையும் அவர்களிடமே எடுக்கச் சொல்லி நெருக்குவார்கள்.

5. முதல் நாள்: கட்ஸிசரும் கோட்டையும்

காலையில் முதலில் கட்ஸிசர் ஏரிக்குப் போங்கள். 14-ஆம் நூற்றாண்டில் சீரமைக்கப்பட்ட இந்த ஏரிதான் பல நூறு ஆண்டுகள் ஊருக்கே குடிநீர் தந்தது. இதைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கு ஏறினால்தான் அந்த நகரம் எதை நம்பி நின்றது என்பது விளங்கும். கோட்டைக்குள் சமணக் கோயில்களின் கல்வேலைப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மாலையில் பட்வா ஹவேலிகள்: பட்வா வணிகக் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐந்து மாளிகைகள். வியாபாரத்தில் ஈட்டிய பணம் கல்லில் சரிகையாக மாறியிருப்பதை நம் ஊர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

6. இரண்டாம் நாள்: மணல்

மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சம் மணல்மேடு. ஜீப், நான்கு சக்கர பைக், பாராசெய்லிங் எல்லாம் அங்கேதான். கூட்டமும் சத்தமும் கூடவே. அமைதி வேண்டுமென்றால் தென்மேற்கே குரி கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் நிமிர்த்தும். நீங்கள் முன்னால் சாய்வீர்கள். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும். அப்போதும் அதே கதிதான். இரண்டு நேரத்திலும் சேணத்தை இறுகப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் தொடை கடுக்கும். மூக்கில் புண் உள்ள, நொண்டுகிற ஒட்டகத்தில் ஏறாதீர்கள், வேறு கேளுங்கள்.

ஜீப்பில் மணல்மேடு ஏறி இறங்குவதைக் கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் தவிர்க்க வேண்டும். சீட் பெல்ட் இல்லாத வண்டி வேண்டாம். பாராசெய்லிங், பாராமோட்டார் போன்றவற்றில் ஏறும் முன் உரிமத்தையும் காப்பீட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

பாதையை விட்டு வண்டியை விடச் சொல்லாதீர்கள். 1980-இல் அறிவிக்கப்பட்ட பாலைவன தேசியப் பூங்கா இந்தப் பக்கம்தான். ஒரு காலத்தில் தமிழகம் வரை பரவியிருந்த கானமயில் இப்போது நாடு முழுவதிலும் 150-ஐ எட்டாத அளவுக்குச் சுருங்கி, பெரும்பாலும் இங்கேதான் மிஞ்சியிருக்கிறது. தரையில் ஒற்றை முட்டை இடும் பறவை அது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்குள்ள காற்றாலை வரிசைகள் வியப்பாக இருக்காது. ஆனால் அங்கே மின்கம்பிகளில் மோதிச் சாவதுதான் இந்தப் பறவையின் பெரிய துயரம்.

இரவு கூடாரத்தில் தங்கினால் ஒலிபெருக்கி ஆட்டத்துக்குப் பதிலாக மாங்கணியார் இசைக் கலைஞர்களின் கமாய்ச்சா வாத்தியத்தைக் கேட்க ஏற்பாடு உண்டா என்று முன்பே விசாரியுங்கள்.

7. மூன்றாம் நாள்: ஏதாவது ஒரு திசை

பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் அகல் புதைபடிவப் பூங்கா. 18 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நம் திருவக்கரைக் கல்மரங்களின் வயது 2 கோடி ஆண்டுகள். பாலிவால் மக்கள் கைவிட்டுப் போன குல்தாரா கிராமத்தையும் அதே நாளில் சேர்க்கலாம்.

இல்லையென்றால் தனோட் மாதா கோயிலும் லோங்கேவாலாவும். 1971 டிசம்பரில் சுமார் 120 வீரர்கள் ஓர் இரவு முழுக்க டாங்கிப் படையைத் தடுத்து நின்ற இடம் லோங்கேவாலா. போக வர 250 கிலோமீட்டராவது ஆகும். டீசலையும் தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

8. சாப்பாடு

சைவக் குடும்பங்களுக்குக் கவலையில்லை. தால் பாட்டி, கட்டே குழம்பு, கம்பு ரொட்டி எல்லாம் கிடைக்கும். கேர் சாங்ரியைக் கேட்டு வாங்குங்கள். அதில் வரும் சாங்ரி, கொடுமுடிக் கோயிலில் நாம் வணங்கும் அதே வன்னி மரத்தின் காய். மழை பொய்த்தாலும் காய்ப்பதால் பஞ்ச காலத்தில் உயிர் காத்த உணவு. இனிப்புக்குக் கோட்டுவா லட்டு.

9. முன்பதிவு வரிசை

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. பொங்கலுக்குக் கிளம்ப நவம்பர் இரண்டாம் வாரமே டிக்கெட் எடுக்க வேண்டும். அதாவது, தீபாவளி போனஸ் கரையும் முன். முதலில் ஜோத்பூர் வரை போக வர டிக்கெட், அடுத்து ஜெய்சல்மேர் ரயில், பிறகு கோட்டைக்கு வெளியே மூன்று இரவு அறை. ஒட்டகத்தையும் ஜீப்பையும் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்து, கண்ணால் பார்த்துப் பேசி முடியுங்கள். கம்பெனியில் வடநாட்டுத் தொழிலாளர்களோடு பேசிப் பழகிய ஹிந்தி அங்கே பேரம் பேசத் தாராளமாகப் போதும்.