ஒரு நிரல், இரண்டு போன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சூலக்கரையிலிருந்து விருதுநகருக்கும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் ‘நாமளும் ஒரு ஆப் எழுதணும்’ என்று நினைக்காதவர்கள் குறைவு. ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் சேர்த்தே ஆப் செய்யலாம் என்பதும் அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. கூடவே சில பயங்களும் சில பேராசைகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. பயப்பட அவ்வளவு காரணம் இல்லை. ஆசைப்பட வேண்டிய இடமும் வேறு.

நம்பிக்கை 1: ஆப்பிள் கணினி இல்லாமல் தொடங்கவே முடியாது.

உண்மை: ஐபோன் ஆப்பைக் கட்டும் எக்ஸ்கோடு என்ற மென்பொருள் ஆப்பிள் கணினியில் மட்டும்தான் ஓடும். ஆனால் கற்றுக்கொள்ள அது தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு போனுக்கும் ஆப் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவைப் படிப்பவர்கள் எக்ஸ்போ என்ற இலவசக் கருவியில் தொடங்குகிறார்கள். லேப்டாப்பில் எழுதி, போனில் எக்ஸ்போ கோ ஆப்பை நிறுவி, திரையில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். நிரலில் ஒரு வரியை மாற்றியதும் போனில் அது தெரியும். கணினிக்குள்ளேயே போலிப் போனை ஓட்டும் எமுலேட்டர் வேண்டாம் என்பதால் சாதாரண லேப்டாப்பே தாங்கும். பிறகு ஐபோனுக்கு ஆப் வேண்டுமென்றால், எக்ஸ்போவின் சர்வரிலேயே அதைக் கட்டி வாங்கலாம். செலவு வருவது ஐபோனுக்குக் கட்டும்போதும் வெளியிடும்போதும்தான்: கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர்.

நம்பிக்கை 2: ஜாவாஸ்கிரிப்ட் ஆப் என்றால் வெப்சைட்டுக்குச் சட்டை மாட்டியதுதான். மெதுவாகத்தான் ஓடும்.

உண்மை: ஒரு காலத்தில் இது சரி. போன்கேப், அதன் வழிவந்த கார்டோவா ஆகியவை ஆப்புக்குள் ஒரு பிரவுசரை ஒளித்துவைத்து, அதில் இணையப் பக்கத்தைக் காட்டின. இணையப் பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல்லை அளவுக்கு மீறி நம்பியது பெரிய தவறு என்று பேஸ்புக் நிறுவனர் மார்க் ஜுக்கர்பெர்க்கே 2012இல் சொன்னார். அதே நிறுவனம் 2015இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் வேறு வழியில் போனது. கணக்கும் முடிவும் ஜாவாஸ்கிரிப்டில் நடக்கும். திரையில் வரும் பொத்தானும் எழுத்தும் போனுடைய சொந்தப் பொத்தான், சொந்த எழுத்து. தமிழில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வருவதும் அதனால்தான். எழுத்தைக் கோக்கும் வேலையைப் போனே செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட 2019இல் வந்த ஹெர்ம்ஸ் என்ற எஞ்சின், ஆப் திறக்கும் நேரத்தையும் குறைத்தது. கனமான விளையாட்டுகளுக்கு இந்த வழி இன்றும் ஏற்றதல்ல. ஆர்டர், பில், வருகைப் பதிவுக்கு இது தாராளம்.

நம்பிக்கை 3: ஒருமுறை எழுதினால் இரண்டு போனிலும் அப்படியே ஓடும்.

உண்மை: பெரும்பகுதி ஓடும். மிச்சத்தில்தான் இரவுத் தூக்கம் போகும். கடைகளில் பில் அடிக்கும் சின்ன புளூடூத் பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல பழைய வகைப் புளூடூத்தில் இயங்குபவை. ஆண்ட்ராய்டு ஆப் அவற்றோடு நேரடியாகப் பேசும். ஆப்பிளின் சான்று பெறாத பிரிண்டர் என்றால் ஐபோன் ஆப்பால் அந்த வழியில் பேச முடியாது. ஆண்ட்ராய்டில் இருக்கும் ‘பின்செல்’ பொத்தான் ஐபோனில் கிடையாது. கேமராவுக்கு அனுமதி கேட்கும் முறையும் மாறும். 2016இல் ரியாக்ட் நேட்டிவைக் கையிலெடுத்த ஏர்பிஎன்பி நிறுவனம் 2018இல் அதைக் கைவிட்டது. ஷாப்பிஃபை நிறுவனம் 2020இல் அதையே தன் வழியாக அறிவித்தது. கருவி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், வேலை வேறு.

நம்பிக்கை 4: நேராக ரியாக்ட் நேட்டிவ் வீடியோவைப் பார்த்துத் தொடங்கிவிடலாம்.

உண்மை: வீடியோ முடியும் வரை எல்லாம் ஓடும். சொந்தமாக எழுதும் முதல் நாளில் நின்றுவிடும். பெரும்பாலும் சிக்குவது இரண்டு இடங்களில். சர்வரிடம் ஆர்டர் பட்டியலைக் கேட்ட நிரல், பதில் வரும்வரை காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். திரை காலியாக நிற்கும். பட்டியலில் புதிய ஆர்டரைச் சேர்த்த பிறகும் திரை மாறாது. பழைய பட்டியலுக்குள்ளேயே திணிக்காமல் புதிய பட்டியலாகக் கொடுத்தால்தான், ரியாக்ட் நேட்டிவுக்கு அடித்தளமான ரியாக்ட் மாற்றத்தை உணரும். முதலாவது ஜாவாஸ்கிரிப்டின் அடிப்படை, இரண்டாவது ரியாக்டின் அடிப்படை. ஃபங்ஷன், அர்ரே, ஆப்ஜெக்ட், பிராமிஸ் இந்த நான்கையும் பிரவுசரிலேயே எழுதிப் பழகிவிட்டு, அடுத்து ரியாக்ட், அதற்குப் பிறகு போன் என்று வருவதே குறுக்குவழி.

நம்பிக்கை 5: பி.இ. முடித்து சென்னைக்குப் போனால்தான் இந்த வேலை.

உண்மை: இராஜபாளையம் தாண்டிப் போனால் வரும் தென்காசிக்குப் பக்கத்தில், மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011இலேயே அலுவலகம் திறந்தது. 2004இல் அந்த நிறுவனம் தொடங்கிய பள்ளி, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கும் எடுக்கிறது.

நம்பிக்கை 6: பிளே ஸ்டோரில் ஏற்றியதோடு வேலை முடிந்தது.

உண்மை: 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், ஆப்பை வெளியிடும் முன் சோதனையாளர்களை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் கூகுள் 12ஆகக் குறைத்தது. வெளியிட்ட பிறகும் ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்க வேண்டும். ஆப் செய்து தரும்போது பராமரிப்புக்கும் சேர்த்து விலை பேசாதவர், இரண்டாம் ஆண்டில் இலவசமாக வேலை செய்வார்.

நம்பிக்கை 7: சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறோம், பட்டாசு விற்கும் ஆப் போட்டால் இந்தியா முழுக்க வியாபாரம்.

உண்மை: இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று, இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கவும் விற்கவும் கூடாது என்று உத்தரவிட்டது. வெடிபொருள் விற்பனைக்கு உதவும் ஆப்புகளை கூகுளின் விதிகளும் அனுமதிப்பதில்லை. நிரல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் கதவு திறக்காது.

அப்படியென்றால் பட்டாசு ஆலைக்குள் ஓடும் ஆப்பா? உள்ளே செல்போனே கொண்டுபோகக் கூடாது. வருகைப் பதிவு என்றால் கேட்டுக்கு வெளியே அலுவலகத்தில் இருப்பவருக்கு, வாரச் சம்பளக் கணக்கு என்றால் கணக்குப்பிள்ளைக்கு. சிவகாசி அச்சகத்துக்கு காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட், போகிற ஊரில் சிக்னல் இல்லாவிட்டாலும் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். விருதுநகர் பருப்பு மொத்த வியாபாரிக்கு இருப்புக் கணக்கு தமிழில் வேண்டும். நான்குமே ஜாவாஸ்கிரிப்டின் அடிப்படை தெரிந்தவர் கைக்கு எட்டும் வேலைகள். இந்த நான்கில் யாராவது ஒருவரிடம் போய் உட்கார்ந்து, அவர் நோட்டில் என்னென்ன எழுதுகிறார் என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தத் திரை வேண்டும், எந்தப் பொத்தான் வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.