எண்ணூரைத் தேடினால் எந்த எண்ணெய் வருகிறது?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததைப் பற்றிக் கல்லூரியில் புராஜெக்ட் செய்கிறேன். கூகுள், பிங், டக்டக்கோ மூன்றும் ஆளுக்கொரு வரிசையில் காட்டுகின்றன. எது பொருத்தமாகத் தருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு மாணவி, திருவொற்றியூர்

பதில்: மூன்று என்கிறீர்கள், பார்க்கப்போனால் இரண்டுதான். டக்டக்கோ தன் இணைப்புகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்தே வாங்குகிறது. அவை இரண்டும் ஒத்துப்போனால் அதை இரண்டு சாட்சியாக எண்ணாதீர்கள்.

அது கிடக்கட்டும். உங்களுக்கு எந்த எண்ணெய் வேண்டும்? 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலிலிருந்து கரைக்கு வந்தது. எர்ணாவூர்ப் பாறைகளில் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் நடந்தது வேறு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரத்துக்கு வந்து, படகு, வலை எல்லாவற்றிலும் அப்பியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிவு. 'எண்ணூர் கசிவு' என்று மட்டும் அடித்தால் மூன்றும் கலந்துதான் வரும்.

ஆகவே தேவையை முதலில் தாளில் எழுதுங்கள்: '2023 எண்ணெயால் மீனவர்களுக்கு என்ன இழப்பு, என்ன நிவாரணம்?' இதற்கு நேராகப் பதில் சொல்லும் பக்கத்துக்கு 2, சம்பவத்தை மட்டும் சொன்னால் 1. கப்பல் மோதல் கட்டுரை எவ்வளவு அருமையாக இருந்தாலும் 0.

லாக்இன் செய்யாமல் தேடி, விளம்பரங்களைத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றிலும் முதல் 10 இணைப்புகளை எடுங்கள். ஒரே ஏஜென்சி செய்தி ஐந்து தளங்களில் வந்தால் ஒரு முறைதான் மார்க். தோழியிடம் கொடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாதபடி கலைத்துத் தரச் சொல்லுங்கள். கூகுள் என்று தெரிந்தால் நம் கை தானாகவே தாராளமாகிவிடும்! தேவையை முன்வைத்து மார்க் போடும் இந்த வழி, 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது. நம் நாட்டிலும் 2008 முதல் 'ஃபயர்' என்ற ஆய்வரங்கம் இந்திய மொழிகளுக்கு இதைச் செய்கிறது.

ஒரே ஒரு தேடலை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எண்ணூர், எண்ணூரில், எண்ணெய் கசிவு, எண்ணெய்க் கசிவு, எண்ணெய்ப் படலம் என்று மாற்றி மாற்றி அடியுங்கள், ஆங்கிலத்திலும் அடியுங்கள். ஒன்றில் ஜெயித்தது மற்றொன்றில் தோற்கலாம்.

எது ஜெயித்தாலும், பொருத்தம் வேறு, உண்மை வேறு. 2023 எண்ணெய் விவகாரத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. அந்த உத்தரவுகளைத் தீர்ப்பாயத்தின் தளத்திலேயே எடுங்கள். புராஜெக்டில் தேடிய தேதியையும் மறக்காமல் குறியுங்கள். அடுத்த மாதம் இதே தேடலுக்கு வேறு வரிசை வரும்.